பட்ஜெட்டில் லட்சம் கோடி, உங்கள் மகன் கைக்கு எவ்வளவு?

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகன் அக்னிவீர் (நான்கு வருஷத்துக்கு மட்டும் எடுக்கிற சிப்பாய்) ஆகியே தீருவேன் என்று நிற்கிறான், அவன் அப்பா “மிலிட்டரிக்கு லட்சம் லட்சமாக் கோடி ஒதுக்குறாங்க, இவனுக்கு என்ன குறை வந்துடும்” என்கிறார், நீங்கள் போனில் கருகிய ரொட்டி வீடியோவைப் பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வேலை வழி சொல்வது என் தொழில் என்றாலும், இந்தக் கேள்விக்குப் பேரக்கில் (சிப்பாய்கள் தங்குகிற கொட்டகையில்) படுத்தவனாகத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் அப்பாவின் கணக்கு. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், உண்மைதான். ஆனால் அதில் 1.80 லட்சம் கோடி விமானம், கப்பல், பீரங்கி மாதிரியான கொள்முதலுக்கு. சுமார் 1.60 லட்சம் கோடி ஏற்கெனவே வெளியே வந்தவர்களின் பென்ஷனுக்கு (என் பென்ஷனும் அதில் ஒரு துளி). மீதியில்தான் லட்சக்கணக்கான பேருக்குச் சம்பளம், ரேஷன், பூட்ஸ், டீசல், ஒழுகுகிற கூரைக்குத் தார் பூசுகிற செலவு எல்லாம். டெல்லியில் எழுதுகிற தொகைக்கும் லங்கரில் (சிப்பாய்களின் சமையல்கூடத்தில்) தட்டில் விழுகிற பருப்புக்கும் நடுவே எத்தனையோ மேஜைகள் இருக்கின்றன. ஒதுக்கீடு ஏறினால் சிப்பாயின் பெட்டி தானாக நிறையும் என்று நினைப்பது வெளியாட்கள்தான்.

சாப்பாடு மோசம் என்று ஒரு ஜவான் போட்ட, நீங்கள் பார்த்த அந்த ரொட்டி வீடியோ 2017 ஜனவரியில் வந்தது. அது ராணுவம் இல்லை, எல்லைப் பாதுகாப்புப் படை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, அதன் பட்ஜெட்டும் தனி. அந்த ஜவான் பிறகு வேலையை இழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதற்காக ராணுவத்தில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. சியாச்சின் போன்ற உயரமான இடங்களில் 2015-16 முதல் 2018 வரை பனிக் கண்ணாடிக்கும் பூட்ஸுக்கும் தட்டுப்பாடு இருந்தது, பழைய பூட்ஸைச் சரிசெய்து மறுபடி கொடுத்தார்கள், மாற்று ரேஷன் கொடுத்த விதத்தில் சிப்பாய்க்குச் சேரவேண்டிய கலோரியில் 82 சதவீதம் வரை குறைந்தது என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. 2020-ல் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று ராணுவம் பதில் சொன்னது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லையை விட்டுத் தள்ளியிருக்கிற முகாமில், வயிறு நிறையச் சோறு கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கறி, கேண்டீன் சாமான், ஆஸ்பத்திரி, குறையே சொல்ல முடியாது. எல்லைப் பக்கம் போகிற பீல்டு போஸ்டிங் வேறு உலகம். தகர ஷெட்டுக்குள் பன்னிரண்டு பேர், நடுவில் மண்ணெண்ணெயில் எரிகிற புகாரி அடுப்பு. காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கரியாகும். ஒரு குளிர்காலம் முழுக்க எனக்குக் கொடுத்த பூட்ஸ் ஒரு அளவு சிறியது. மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்தேன், வந்தது மார்ச் மாதம், பனி உருகத் தொடங்கியபோது. கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த ஷெட்டில் படுத்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இன்றும் எனக்குப் போன் செய்கிறார்கள்.

இதெல்லாம் இருந்தும் நான் பட்டாளத்தைத் தாங்கிக்கொண்டதற்குக் காரணம், பதினைந்து வருஷம் முடித்தால் பென்ஷன் என்ற உறுதி. உங்கள் மகனுக்கு அது இல்லை. உங்களைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டியது ரொட்டி இல்லை அம்மா, இதுதான்.

அக்னிவீர்களை எடுப்பதற்கு 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் வேலை நான்கு வருஷம். முதல் வருஷம் மாதம் 30,000, அப்புறம் 33,000, 36,500, நான்காம் வருஷம் 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்துவிடுவார்கள், ஆக முதல் வருஷம் கையில் வருவது 21,000. அகவிலைப்படி கிடையாது. பிடித்த பணத்துக்குச் சமமாக அரசும் போட்டு, நான்கு வருஷ முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு, பிரீமியம் நாம் கட்ட வேண்டியதில்லை. லீவு வருஷத்துக்கு 30 நாள், எனக்கு இருந்ததில் பாதி. நான்கு வருஷம் முடிந்ததும் ஒரு பேட்சில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. பென்ஷனும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது.

அதனால் அவனிடம் “போகாதே” என்று அழ வேண்டாம். “ஐந்தாவது வருஷம் என்னப்பா செய்வே?” என்று மட்டும் கேளுங்கள். “அந்த 25 சதவீதத்தில் நானும் இருப்பேன்” என்றால் அது பதில் ஆகாது. நான்கில் மூன்று பேர் வெளியே வரப்போகிறார்கள், எல்லாரும் இதையே நம்பித்தான் உள்ளே போகிறார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அக்னிவீரர்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, பணியில் பெறும் பயிற்சிக்கும் மதிப்பெண் தருகிறார்கள். அதில் சேர்வானா? அறிவியல் பாடம் படித்திருந்தால் ஜெனரல் டியூட்டிக்குப் பதில் டெக்னிக்கல் பிரிவுக்கு விண்ணப்பிப்பானா? மத்திய ஆயுதப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு இடஒதுக்கீடு இருக்கிறது, அந்தத் தேர்வுக்கு இப்போதிருந்தே படிப்பானா? அந்த 11 லட்சத்தில் அக்கா கல்யாணத்துக்கு என்று நீங்கள் யாரும் கண் வைக்கவில்லையே? (இதை அப்பாவிடம் கேளுங்கள்.)

இன்னொன்று, எனக்குக் கொஞ்சம் எரிச்சலான விஷயம். பிளஸ் டூ முடித்த பையனிடம் அதிகாரியாகவே சேர்வதற்கு என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லையா? பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை எழுதலாம், வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது, ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். தேறிப் பயிற்சியை முடித்தால் லெப்டினன்ட், அடிப்படைச் சம்பளமே 56,100. கடினம்தான், கணக்கு நிறைய வரும். அக்னிவீருக்கான உச்ச வயதைத் தாண்ட இன்னும் காலம் இருப்பதால் ஒரு வருஷம் இதற்கு உழைத்துப் பார்த்துவிட்டு அதற்குப் போகலாம், ஒன்றும் நஷ்டமில்லை. அதுவும் தவறினால் டிகிரி முடித்து, பட்டதாரிகளுக்கான அதிகாரித் தேர்வான சிடிஎஸ் எழுதி, நம் சென்னை பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குள் போகவும் வழி இருக்கிறது.

கடைசியாக, “இரண்டு லட்சம் கொடுத்தால் செலக்‌ஷன் கன்ஃபார்ம்” என்று ஒருவர் வீட்டுக்கு வந்து போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஆன்லைன் தேர்வு, ஓட்டம், மெடிக்கல், இதைத் தாண்டி வேறு வழி கிடையாது. அப்புறம் அவன் கழுத்தில் பச்சை குத்தப் போகிறேன் என்கிறானாமே, அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், மெடிக்கலில் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.