அடிநாக்கில் மேடுகள்: கட்டியா?

கேள்வி: டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தபோது, அடிநாக்கில் பொட்டு வைத்தாற்போல் பெரிய மேடுகள் வரிசையாகத் தெரிந்தன. வலி இல்லை. ஒரு வாரமாகச் சளி. எதைச் சாப்பிட்டாலும் ருசியில்லை. கசப்பு அடிநாக்கில்தான் தெரியும் என்று படித்திருக்கிறேன். அந்த இடம் வீங்கியதால்தான் ருசி போய்விட்டதா?

பதில்: வீங்கவில்லை. அவை எப்போதும் அங்கே இருப்பவைதான், நீங்கள் இப்போதுதான் பார்த்திருக்கிறீர்கள். பெரும்பாலானோருக்கு 8 முதல் 12 வரை இருக்கும்; தொண்டையை நோக்கிய அம்புமுனைபோல் இரு பக்கமும் சரிந்து நிற்கும். ஒவ்வொரு மேட்டையும் சுற்றிக் குட்டி அகழி ஒன்று உண்டு. சுவை அரும்புகள் மேட்டின் உச்சியில் இல்லை, அந்த அகழியின் சுவரில் ஒளிந்திருக்கின்றன. அகழிக்குள் சுரக்கும் நீர் பழைய சுவையைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு இடம் செய்கிறது.

நாக்கின் முன்பகுதியையும் பாருங்கள். நீல நிற உணவுச் சாயம் ஒரு துளியைப் பஞ்சில் தொட்டு நுனிநாக்கில் தடவி, வாய் கொப்பளியுங்கள். சாயம் அவ்வளவாக ஏறாமல் இளஞ்சிவப்பாக நிற்கும் புள்ளிகள் காளான் வடிவ மேடுகள்; சுவை அரும்புகள் அவற்றின் மேல்புறத்தில் இருக்கும். நீலம் பிடித்த சொரசொரப்பில் சுவை அரும்பே கிடையாது. உணவை உரசிப் பிடிப்பதுதான் அதன் வேலை.

கசப்புக்கு அடிநாக்கு, இனிப்புக்கு நுனி என்ற படத்தை மறந்துவிடுங்கள். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது இடத்துக்கு இடம் இருந்த சிறு ஏற்றத்தாழ்வு மட்டுமே. பின்னால் படம் வரைந்தவர்கள் அதை வேலி போட்ட எல்லையாக்கிவிட்டார்கள். சுவை அரும்பு எங்கே இருந்தாலும் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) ஐந்தும் தெரியும்.

ருசி போனதற்குக் காரணம் மூக்கு. மெல்லும்போது உணவின் வாசனை தொண்டையின் பின்வழியாக ஏறி மூக்கின் கூரையைத் தொடவேண்டும். சளி அந்த வழியை அடைத்துவிடுகிறது. உப்பையும் சர்க்கரையையும் தனித்தனியாக நாக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பளிச்சென்று தெரிந்தால் நாக்கில் குறையில்லை. சளி விட்டு இரண்டு வாரமாகியும் வாசனை திரும்பாவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

மேடு ஒரு பக்கம் மட்டும் பெரிதாகவோ கெட்டியாகவோ இருந்தாலும், ரத்தம் கசிந்தாலும், புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும் கட்டாயம் காட்டவேண்டும். நாக்கு வழிப்பானை அவ்வளவு தூரம் உள்ளே விட்டுச் சுரண்டாதீர்கள்; அப்படிச் செய்தால்தான் அவை உண்மையிலேயே வீங்கும்.