கிறிஸ்தவக் குடும்பத்தில் வளரும் பதின்வயதுப் பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைத்த நிறைவைக் காண, பெரியவர்கள் என்ன செய்யலாம்?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பதினாலு வருடமாக ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், வேறு தகுதி ஒன்றும் இல்லை.

உங்கள் 16 வயது மகள் முகாமுக்குப் போய் வந்தால் இரண்டு வாரம் வேதமும் கையுமாக இருக்கிறாள், அப்புறம் பழையபடி போனும் கையும்தான் என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வாரத்தை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசிக்கே அப்படித்தான் நடந்தது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது. அடுத்த அதிகாரத்தில் ஆள் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அவருக்குத் திட்டும் கிடைக்கவில்லை, பிரசங்கமும் கிடைக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான் கிடைத்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்துத் தூங்கினார். (அந்த 'அடை' என்ற வார்த்தை வரும்போது என் வகுப்பில் யாராவது ஒருவன் "அவியல் உண்டா அக்கா?" என்று கேட்காமல் இருந்ததில்லை.)

ஆரம்ப வருடங்களில் நான் அந்த அக்கினியை மட்டும்தான் தேடினேன். கிட்டார், வினாடி வினா, பரிசு, இரவு ஜெபத்தில் அழுகை எல்லாம் இருந்தது. ஒரு வருடம் எங்கள் சபையில் பதினோரு பிள்ளைகள் திடப்படுத்தல் எடுத்தார்கள், அதாவது தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபை முன் அறிக்கையிட்டார்கள். பிஷப் கை வைத்து ஜெபித்தார், வெள்ளை உடுப்பில் படம் எடுத்தோம், பிரியாணி போட்டோம். அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஒழுங்காக வந்தவர்கள் மூன்று பேர். வராத பையன் ஒருவனைக் கடைத்தெருவில் பிடித்துக் கேட்டேன். "அங்க எனக்கு ஒரு வேலையும் இல்லியேக்கா. உக்காந்து கேக்கணும், அவ்ளோதானே" என்றான். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அவன் சொன்னதில் தப்பே இல்லை.

அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். எங்கள் தெருவில் கண் தெரியாமல் போன ஒரு ஆச்சி இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அவருக்கு வேதம் வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கிரிக்கெட்டுக்கு நேரமாகிறது என்று பையன் முதல் வாரமே 71-ஆம் சங்கீதத்தில் இரண்டு வசனத்தைத் தாண்டிவிட்டான். "ஏலே, நடுவுல ரெண்ட முழுங்கிட்டியே" என்றாராம் ஆச்சி. "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும்" என்று அவரே மனப்பாடமாகச் சொல்லி, "இங்கருந்து வாசி" என்றாராம். அவன் மிரண்டு போய் என்னிடம் வந்தான். "அது எப்படிக்கா எல்லாம் தெரியுது?" வீட்டுக்காரர் இறந்த பிறகு முப்பது வருடம் ராத்திரி தனியாக உட்கார்ந்து வாசித்த வசனங்கள் அவை. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அடுத்த வாரம் அவனே கேட்டுத் தெரிந்துகொண்டான். பிளஸ் டூ முடிக்கும் வரை போய் வந்தான். பிறகு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தானா என்றால், இல்லை. ஆனாலும் பத்து முகாம் செய்யாததை அந்த ஆச்சி வீட்டுத் திண்ணை செய்தது என்றுதான் நினைக்கிறேன்.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெண், தம்பி முறையுள்ள சின்னப் பையன் காய்ச்சலில் இறந்த பிறகு, "எல்லாரும் ஜெபம் பண்ணினோமே, ஏன் கேக்கல?" என்று வகுப்பில் கேட்டாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா, விசுவாசம் வேணும்" என்று முடித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அப்புறம் வரவே இல்லை. அன்றைக்கு நான் 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து காட்டியிருக்கலாம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு பாட்டை வேதத்துக்குள் வைத்திருக்கும்போது, ஒரு பிள்ளையின் கேள்விக்கு நாம் ஏன் பயப்படுகிறோம்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனையும் இயேசு அனுப்பிவிடவில்லை.

இன்னொன்று, நாமே போட்டுக்கொடுக்கும் கணக்கு. ஜெபித்தால் மார்க் வரும், காணிக்கை கொடுத்தால் சீட் கிடைக்கும் என்று சொல்லி வளர்க்கிறோம். புது வருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (அந்த வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்டது) ஹால் டிக்கெட்டோடு வைத்து அனுப்புகிறோம். நீட்டில் மார்க் குறைந்தால் அந்தப் பிள்ளை எதை விடும்? அதோடு, பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூஷனுக்கு அனுப்புவதும் நாம்தான். வாழ்க்கையில் எது முதல், எது இரண்டாவது என்பதை அன்றைக்கே அவர்கள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிறகு போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு விசுவாசம் தாத்தா காலத்து வயல் மாதிரி கைக்கு வந்த சொத்து. அதனால் வருடம் ஒரு தடவை பிள்ளைகளைப் பாளையங்கோட்டையில் உள்ள கிளாரிந்தா ஆலயத்துக்குக் கூட்டிப் போகிறேன். கிளாரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் சபைப் பதிவேட்டில் இருந்தது வெறும் 40 பேர். 1785-ல் கிளாரிந்தாவின் முயற்சியில் எழுந்த கோயில் இன்றைக்கும் நிற்கிறது. அவர் வெட்டிய கிணற்றைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்று சொல்வார்கள். கதையைக் கேட்டுவிட்டு ஒரு பெண், "ஐயரே முடியாதுன்னு சொன்னப்புறமும் அந்தம்மா ஏன் விடல?" என்றாள். (எங்கள் பக்கம் போதகரைத்தான் ஐயர் என்போம். அவள் சொன்னது சுவார்ட்ஸை.) நான் பதில் சொல்லாமல் யோவான் 4-ஐ வாசிக்கச் சொன்னேன். அங்கேயும் ஒரு கிணறு, ஊரார் வாயில் விழுந்த ஒரு பெண். "இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு மறுபடியும் தாகமுண்டாகும்" என்று இயேசு அவளிடம் சொல்கிறார். அன்றைக்கு வேனில் திரும்பும்போது இன்ஸ்டாகிராம் லைக்கைப் பற்றி அவர்களாகவே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் வந்தேன்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். "ஜெபிச்சியா, வேதம் வாசிச்சியா" என்று தினமும் ஆஜர் எடுப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். உங்களுக்கு ஜெபம் வராத நாட்களும் இருந்திருக்கும்தானே, அதைப் பற்றி ஒரு நாள் அவளிடம் சொல்லுங்கள். நாம் வெட்கப்படும் அந்த விஷயத்தைத்தான் அவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அப்புறம் உங்கள் ஐயரைப் போய்ப் பாருங்கள். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டில் போய் நற்கருணை கொடுக்கிற பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கும். அதில் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி இருக்கிறாரா என்று கேளுங்கள்.