யோனாவுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருந்தது

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் 12 வருடமாக லேத் ஓட்டுகிறேன். 17 வயதில் ஒரு வாலிபர் முகாமில், முழுநேர ஊழியத்துக்கு யார் ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது கையைத் தூக்கினேன். அப்புறம் அப்பா படுத்துவிட்டார், தங்கை கல்யாணம், கடன், என் கல்யாணம், இப்போது 4 வயதில் மகள். போன மாதம் ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ யோனாவைப் போல ஓடிக்கொண்டிருக்கிறாய்" என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வேலையை விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, நாளைக் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம் என்று சொல்வதற்காக அல்ல, பயத்தில் எடுக்கிற முடிவை அழைப்பு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன்.

யோனாவையே எடுத்துக்கொள்வோம். கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் ஓடிய தீர்க்கதரிசி அவன். அவனுக்கு நினிவே என்று ஊர்ப் பெயரே சொல்லப்பட்டது. என்ன பேச வேண்டும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் யோப்பாவுக்குப் போய், கூலி கொடுத்து, நேர் எதிர்த் திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது? எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத்தானே எழுதியிருக்கிறீர்கள். தேடுகிறவனை ஓடுகிறவன் என்று ஒருவர் சொன்னால் அது கடவுளின் குரல்தானா என்று சோதித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொண்டது ஓட்டம் இல்லை தம்பி. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார்.

அழைப்பு என்றாலே வேலையை விட்டு வெளியே வருவது என்று நம் சபைகளில் எப்படியோ பதிந்துவிட்டது, எனக்கு இது பெரிய வருத்தம். யோவான்ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார்கள். ஆயத்துறையை விடு, படையை விடு என்று அவர் சொல்லவில்லை. கட்டளைக்கு மிஞ்சி வாங்காதே, யாரையும் வருத்தாதே, சம்பளம் போதும் என்று இரு என்றார். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலும், அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலேயே நிலைத்திருக்கட்டும் என்கிறார். சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் காலம் வரை அழைப்பு என்ற சொல் பெரும்பாலும் துறவிகளுக்கும் குருமாருக்கும்தான் இருந்தது. அவர்தான் செருப்புத் தைப்பவரின் வேலையும் பால் கறக்கும் பெண்ணின் வேலையும் அழைப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். அவர் அதற்குப் பயன்படுத்திய 'பெரூஃப்' என்ற சொல்லுக்கு இன்றைய ஜெர்மன் மொழியில் தொழில் என்றே பொருள்.

உங்களைப் போல உலோகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு நான் சொல்ல ஆசைப்படுகிற பெயர் பெசலெயேல். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்வது மோசேயைப் பற்றியோ ஆரோனைப் பற்றியோ அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிற இந்தத் தொழிலாளியைப் பற்றி. ஒரு விவசாயி கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை இறக்குகிறார். நீங்கள் கடைந்த தண்டு அளவு பிசகினால் அவருடைய பயிர் காயும். பிசகாமல் செய்கிறீர்களே, அதைக் கர்த்தருக்குச் செய்ததாக ஒரு நாளாவது நினைத்ததுண்டா?

சரி, அதற்காக 17 வயதில் தூக்கிய கையை நான் தள்ளிவிடவில்லை. அதில் ஏதோ உண்மையாகவே இருந்திருக்கலாம். அழைப்பு எப்படி வரும் என்று கேட்டால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி குடும்பம், ஆனால் அந்த வாழ்க்கையே வேண்டாம் என்றுதான் இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி செய்யக் கேட்டார்கள். அப்பா டாக்டர், அவர் வரத் தயார், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று அவர்கள் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவருக்குக் கிடைத்த அழைப்பு அதுதான். ஆனால் மறுநாளே அவர் மருத்துவமனை திறந்துவிடவில்லை. அமெரிக்கா திரும்பி, 1899-இல் கார்னெலில் மருத்துவப் படிப்பை முடித்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல். அந்த வருடங்களை யாராவது ஓட்டம் என்பார்களா? உடற்கூறு படித்த ஒவ்வொரு நாளும் அந்த அழைப்புக்குள் இருந்த நாள்தான்.

ஆகவே மூட்டை கட்ட வேண்டாம், முதலில் சோதித்துப் பாருங்கள். உங்கள் கடிதம் மூன்று பக்கம், அதில் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவரையும் சேர்த்துத்தான் கடவுள் நடத்துவார். கடனை அடையுங்கள். உங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்போ, மருத்துவமனைச் சந்திப்போ கேட்டு வாங்கி ஒரு வருடம் விடாமல் செய்யுங்கள், கூட்டத்தில் அல்ல, பத்துப் பிள்ளைகள் மட்டும் வருகிற வகுப்பில். பிறகு உங்களை நன்றாகத் தெரிந்த, உங்கள் முடிவால் எந்த லாபமும் இல்லாத இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். குருத்துவ ஊழியம்தான் என்று தெளிவானால் அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் பேராயரின் கீழுள்ள திருமண்டலம் விசாரித்துத் தெரிந்தெடுக்கும், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கலாம். உள்ளே கேட்கும் குரலைச் சபையும் வெளியிலிருந்து கேட்டு உறுதிசெய்வது பழைய, நல்ல வழக்கம். தெளிவாகவில்லை என்றால் லேத்தும் ஓய்வுநாள் பள்ளியும் சேர்ந்ததே உங்கள் ஊழியம். பவுலும் கூடாரம் தைத்துக்கொண்டேதான் கொரிந்துவில் பிரசங்கித்தார்.

கேள்வி: நான் நர்ஸ். சவுதியில் வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கென்று எனக்கு எடுத்த, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டில் "இந்தத் தேசத்தில் வாசம்பண்ணு" என்று வந்தது. போகக் கூடாதா அண்ணன்?
- வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அம்மா, அது ஈசாக்குக்குச் சொன்னது. பஞ்சகாலத்தில், எகிப்துக்குப் போகாதே என்று, அதுவும் பெலிஸ்தரின் கேராரில் இருந்தபோது. அதே சீட்டுப் பெட்டியில் ஆபிரகாமுக்குச் சொன்ன "உன் தேசத்தை விட்டுப் புறப்படு" என்ற வசனம் உங்கள் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வசனத்தை நேசியுங்கள், முடிவைச் சீட்டிடம் விடாதீர்கள். வீட்டில் உங்களை நம்பி யார் இருக்கிறார்கள், அங்கே ஐக்கியம் இல்லாமல் தனியாக எத்தனை வருடம் தாங்குவீர்கள், இதையெல்லாம் ஜெபத்தில் வைத்து யோசியுங்கள். ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே சவுதிக்குச் செவிலியரை அனுப்புகிறது, அங்கே ஒருமுறை விசாரித்துவிட்டு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.