ஆற்றுத்திட்டில் வெள்ளப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பவானிக்குக் கீழே, காவிரியில் தண்ணீர் பெருகினால் நான்கு புறமும் சூழப்பட்டுத் தீவாகிவிடும் திட்டு ஒன்றில் ஐம்பது, அறுபது குடும்பங்கள் வசிக்கிறோம். பெரும்பாலோருக்கு விசைத்தறிதான் பிழைப்பு. ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில்தான் வெளியேறுகிறோம். நாங்களே பயிற்சி பெற்று முன்கூட்டித் தயாராக என்ன செய்ய வேண்டும்?

பதில்: பயிற்சி என்றவுடன் கயிறு கட்டுவதும் ஆளைத் தூக்கிச் செல்வதும்தான் நினைவுக்கு வரும். அவையும் வேண்டும், ஆனால் அதற்கு முன்னதாக, உங்கள் திட்டில் இருப்பவர்கள் ஆற்றின் கணக்கைப் படிக்கப் பழக வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி திறக்கப்படுகிறது என்ற அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுகிறது. அந்த நீர் தன் வீட்டு வாசலில் எந்தப் படிவரை ஏறும் என்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. மட்டம் குறைவாக இருக்கையில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து வரும் பெருக்கை அது உள்வாங்கிக்கொள்ளும். நிரம்பிவிட்டாலோ, வருகிற நீர் ஏறக்குறைய அப்படியே கீழே இறங்கிவிடும். ஆகவே அணை நிறைந்திருக்கும் நாட்களில் திறப்பின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தையும் தினமும் கவனியுங்கள்; உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதில்தான் இருக்கிறது. பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறைக்குக் கீழே இருப்பதால் அந்த ஆற்றில் வரும் பவானிசாகர் அணையின் உபரிநீரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்த எண்களை உங்கள் ஊர் மொழிக்கு மாற்ற ஒரு டப்பா பெயிண்ட் போதும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூரிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் கன அடி வந்தபோது நீர் நின்ற உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் படித்துறைச் சுவரில் கோடாகக் குறித்துவிடுங்கள். இனி ஒவ்வொரு திறப்பின்போதும் அறிவிக்கப்பட்ட அளவு, திறந்த நேரம், நீர் உங்கள் படியைத் தொட்ட நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இந்த வேலையை மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். இரண்டு மூன்று பருவங்களில், எந்தக் கோட்டைத் தண்ணீர் தொடும்போது எந்த வீடு காலியாக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்ய இயலும்.

முடிவு செய்த பின்னும் பலர் நகராமல் நிற்பார்கள். தறி மோட்டாரும், ஏற்றிய பாவும், ஆடும் மாடும் உள்ளே இருக்க, உயிர்தான் முக்கியம் என்று மைக்கில் சொல்வதால் யாரும் கிளம்பிவிடுவதில்லை. கடன் வாங்கிப் போட்ட தறியை விட்டு வரத் தயங்குபவரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. எனவே பயிற்சியிலேயே அதற்கு இடம் கொடுங்கள்: மின் இணைப்பைத் துண்டித்து மோட்டாரைக் கழற்றி உயரத்தில் ஏற்ற எவ்வளவு நேரமாகிறது, அதற்கு எத்தனை ஆள் வேண்டும், தண்ணீர் முதல் கோட்டைத் தொடும்போதே கால்நடைகளை ஓட்டிச் சென்று கட்டக் கரையில் யார் களம் தருவார் என்பதையெல்லாம் வெயில் காலத்தில் ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். குழித்தறி வைத்திருப்போர் மற்றவர்களுக்கு முன்னதாகவே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும், ஏனெனில் குழியில்தான் முதலில் ஊற்று எடுக்கும். படுக்கையில் இருப்போர், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோரின் பெயருக்கு எதிரே அவர்களை அழைத்துச் செல்லும் இருவரின் பெயரையும் எழுதிவையுங்கள். ஒருவர் வேலைக்குப் போயிருந்தால் மற்றவர் இருப்பார்.

முறையான பயிற்சிக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டம் பொருத்தமானது. 18 முதல் 40 வயதுக்குட்பட்ட தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி தரப்படுகிறது. அடுத்த அணி எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் மனுக் கொடுத்துக் கேளுங்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டால், உங்கள் இடத்திற்கே வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள். இரு பயிற்சிகளுக்கும் பெண்களை அவசியம் அனுப்புங்கள். பகல் நேரத்தில் திட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

அதுவரை இளைஞர்கள் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு: நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான் மீட்கப் போய் முதலில் சிக்குகிறார். மூங்கில் கழியை நீட்டுதல், கயிறு கட்டிய காலி பிளாஸ்டிக் குடத்தை வீசுதல், உயிர்காப்பு மிதவைச் சட்டையுடன் பரிசலில் செல்லுதல் என்ற வரிசையை மாற்றக் கூடாது. மூழ்கியவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் பொன்னான நிமிடங்களை வீணாக்கும். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்திற்கு இரண்டு ஊதல் என்ற இக்கணக்கைப் பொம்மையை வைத்துப் பழகினால்தான் கை பழகும்.

ஒத்திகையை ஆனி மாதத்திற்குள் ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவில் விளக்கை அணைத்தும் நடத்துங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் மீண்டும் நடத்தி, பெயர்ப் பட்டியலையும் அப்போதே திருத்திக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 ஆகிய எண்களைச் சுவரில் அந்தக் கோடுகளுக்கு மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில் எழுதிவையுங்கள்.