பெட்டகத்துப் பிலிம்களை டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துச் சேர்ப்பது எப்படி? கேள்வி பதில்

காரைக்குடியில் பல வருடம் ஸ்டூடியோவில் பிலிம் கழுவிய கை இது. இப்போது அதே பிலிம்களை டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துச் சேர்க்கிறேன். வந்த கேள்விகளில் சில.

அப்பச்சி வைத்திருந்த 35 மி.மீ. நெகட்டிவ் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கு அண்ணே. ஸ்கேனர் வாங்கணுமா, இருக்கிற 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் கேமரா போதுமா? (கானாடுகாத்தான்)

தாராளமாகப் போதும் தம்பி. பிலிமின் ஒரு கட்டம் 24×36 மி.மீ.; உங்கள் சென்சாரும் அதே அளவு. மிக நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸில் ஒன்றுக்கு ஒன்று, அதாவது பிலிமின் அதே அளவில், எடுத்தால் நீளவாக்கில் 6000 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 4200 சொச்சம். மிச்சக் காசை வெளிச்சத்தில் போடுங்கள். சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண்) 95க்குக் குறையாத எல்இடி பலகையாகப் பாருங்கள். செல்போன் திரை மேல் பிலிமை ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும்.

கலர் நெகட்டிவின் நிறங்களைக் கணினியில் தலைகீழாக்கினால் எல்லோரும் நீலம் பூசின மாதிரி வருகிறார்கள்! (ஆத்தங்குடி)

பிலிமிலேயே இருக்கும் ஆரஞ்சுச் சாயம் செய்கிற வேலை. ரா ஃபைலாக (கேமரா கைவைக்காத மூலப் பதிவாக) எடுங்கள். படம் விழாத வெறும் ஓரத்தில் ஒயிட் பேலன்ஸ் வைத்து, அப்புறம் தலைகீழாக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் இதற்காக நெகடாக்டர் என்றே ஒரு பகுதி உண்டு. நிறங்கள் நேராகவே தெரியும் ஸ்லைடு பிலிமுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

கல்யாண ஸ்லைடுகளில் பூஞ்சை. தண்ணீரில் கழுவலாமா? (தேவகோட்டை)

வேண்டவே வேண்டாம் ஆச்சி! பூஞ்சை, படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சைத் தின்று, அதைத் தண்ணீரில் கரைகிற பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். தொழில் புதிதில் ஒன்றைக் கழுவினேன். மாப்பிள்ளை முகம் தண்ணீரோடு போயிற்று. அந்த வீட்டுக்காரர் தெருவில் வந்தால் வெகுநாள் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன். முதலில் இருக்கிறபடியே படமெடுத்துவிடுங்கள். பிறகு ரப்பர் பல்பால் தூசியை ஊதிவிட்டு, தண்ணீர் கலக்காத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றுங்கள். வினிகர் வாடை அடிக்கும் பிலிம் இருந்தால் உடனே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல். ஏன்? (காரைக்குடி)

கேமரா சாய்ந்திருக்கும். பிலிம் வைக்கும் இடத்தில் முகக்கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரைக்கு நட்டநடுவில் தெரிந்தால் சரி. கேமராவில் லென்ஸ் திறப்பு எஃப்/8, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள்: ஆட்டம் ஒன்று, செம்மண் தூசி இன்னொன்று. வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) வேண்டாம், வானவெளிச்சம் பிலிமில் பளபளக்கும். இரவில், உள்ளறையில், விளக்கணைத்து எடுங்கள். வேர்க்கும்தான்.

எந்தப் பக்கம் மேலே இருக்கணும்? (பள்ளத்தூர்)

மங்கலான பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். பிறகு கணினியில் இடவலம் மாற்றுங்கள். படத்தில் தெரியும் ஐயாவின் ரங்கூன் கடைப் பலகையை வைத்துச் சரிபார்க்க நமக்குப் பர்மிய எழுத்து தெரியாது. பிலிம் ஓரத்து எண்கள் நேராகப் படிக்க வந்தால் படமும் நேர்தான்.