ஆட்டிசம் உள்ள குழந்தையின் தூக்கத்தை ஆராய, குடும்பத்தார் அனைவரின் மாதிரியையும் கேட்பது ஏன்?

குடும்ப ஆய்வு என்பது, ஆட்டிசம் உள்ள குழந்தையோடு தாய், தந்தை, இயன்றால் உடன்பிறந்தவர்கள் ஆகியோரின் உமிழ்நீரையோ ரத்தத்தையோ பெற்று, மரபணுக்களையும் தூக்கப் பழக்கத்தையும் ஒருசேரப் பார்ப்பதாகும்.

எந்தக் குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சில பத்து புதிய மரபணு மாற்றங்களோடுதான் பிறக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. கையால் படியெடுத்த பத்திரத்தில் ஒரு பிழை தென்பட்டால், அது மூலத்திலேயே இருந்ததா, எழுதும்போது நேர்ந்ததா என்பதை மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே சொல்ல முடியும்? பெற்றோரின் மாதிரி அந்த மூலம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. இருட்டியதும் மூளையில் சுரந்து உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிலரிடம் குறைவாக இருப்பதும், அதை உருவாக்கும் கடைசிப் படிக்குரிய மரபணுவில் சிலருக்கு மாற்றங்கள் இருப்பதும் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் மரபணு மட்டும் போதாது. மணிக்கட்டில் கட்டும் அசைவுமானியும், "படுத்தது 9.00, உறங்கியது 11.20, விழித்தது 3.00" என்று பெற்றோர் இரவுதோறும் எழுதும் குறிப்பேடும் அதே அளவு முக்கியமானவை, உறக்கம் கலைந்த கண்களோடு எழுதப்படும் அந்த வரிகளை நான் மிகவும் மதிக்கிறேன். அதே அறையில், அதே நேரத்தில் படுக்கும் தம்பி சில நிமிடங்களில் உறங்கிவிட்டால், வீட்டுச் சூழலை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது.

மரபணுவில் காரணம் இருக்கிறது என்றால் பெற்றோரிடம் குறை இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, ஏனெனில் புதிதாகத் தோன்றும் மாற்றத்தையோ, தெரியாமலே கடத்தப்படும் மாற்றத்தையோ எவரும் தேர்ந்தெடுப்பதில்லை.