மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததை எதிர்த்துப் போராடியவர்களைச் சுட்டுக் கொன்றபோது இந்தியா ஏன் கடுமையாகப் பேசவில்லை?

பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 மார்ச் கடைசியில் ஐ.நா.வில் நம் தூதர் வன்முறையைக் கண்டித்தார். ஆனால் அதற்குச் சில நாள் முன்பு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்ச் 26 இரவு, போராடும் இளைஞர்களுக்கு மியான்மர் அரசுத் தொலைக்காட்சி ஓர் எச்சரிக்கை விடுத்தது. தலையிலும் முதுகிலும் குண்டு பாயலாம், ஏற்கெனவே செத்தவர்களைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று. மறுநாள் ராணுவ தினம். தலைநகர் நேபிடாவில் அணிவகுப்பு, மற்ற ஊர்களில் துப்பாக்கிச்சூடு. அந்த ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய நாடுகள் எட்டு. ரஷ்யா, சீனா, பாகிஸ்தானோடு இந்தியாவும் அதில் ஒன்று.

டெல்லிக்குக் காரணங்கள் இருக்கின்றன. 1,643 கி.மீ. எல்லை. வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் அந்தப் பக்கம் பதுங்காமலிருக்க அந்த ராணுவத்தின் தயவு வேண்டும். மியான்மரின் சிட்வே துறைமுகம் வழியாக மிசோரமுக்கு வரும் கலாதான் பாதைத் திட்டம் வேறு. நாம் விலகினால் சீனா புகுந்துவிடும் என்ற பயமும் உண்டு. சரி, அந்த ஜூனில் ஐ.நா. பொதுச்சபையில் மியான்மர் ராணுவத்துக்கு எதிராக 119 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியதற்கு இதையெல்லாம் சொல்லலாம். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் புரிகிறது. அணிவகுப்பில் போய் உட்கார்ந்ததற்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது.

நாமே முன்பு வேறு மாதிரி நடந்திருக்கிறோம். 1988-இல் ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) மாணவர்கள் சுடப்பட்டபோது ராஜீவ் காந்தி அரசு வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றது. தொண்ணூறுகளில், நரசிம்ம ராவ் காலத்தில்தான் ராணுவத்தோடு கைகோக்கும் போக்கு தொடங்கியது.

பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிடுகிற சென்னைக்கு இது எங்கோ நடக்கிற சண்டை இல்லை. அறுபதுகளில் பர்மாவின் நே வின் ராணுவ ஆட்சி நம்மவர்களின் கடைகளைப் பறித்துக்கொண்டபோது கப்பலேறி வந்த குடும்பங்கள்தான் வியாசர்பாடியில் குடியேறின. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. பெரியம்மாவின் நாத்தனார் குடும்பம் இன்னும் யாங்கோனில்தான் இருக்கிறது. அந்த மார்ச்சில் ராணுவம் மொபைல் இணையத்தைத் துண்டித்த பிறகு அவர்களிடமிருந்து சேதியே இல்லை. பெரியம்மா சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில், தப்பி வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள் என்று வடகிழக்கு மாநிலங்களுக்கு உள்துறை உத்தரவிட்டது. முகாம் திறக்க வேண்டாம் என்று தன் எல்லை மாவட்டங்களுக்குக் கடிதம் அனுப்பிய மணிப்பூர் அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. மிசோரம் முதல்வர் சோரம்தங்காவோ இதை ஏற்க முடியாது என்று பிரதமருக்கே எழுதினார். வந்தவர்களுக்கு அந்தச் சின்ன மாநிலம் இடமும் கொடுத்தது. அப்போது தமிழ்நாட்டில் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள், அந்த அணிவகுப்புக்கு ஏன் ஆள் அனுப்பினீர்கள் என்று டெல்லியைக் கேட்கும் ஒரு குரலை நான் எதிர்பார்த்தேன். நான் கேட்ட எந்த மேடையிலும் அது வரவில்லை.